பொலோஞா: வீட்டுக்காரர் நிலத்தில் ஊரார் நடக்கும் நகரம்

இத்தாலிக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்ற வரிசையில்தான் ரயில் ஏறி இறங்குகிறார்கள். ஃபிளாரன்ஸிலிருந்து வெனிஸுக்குப் போகும் வழியில் ரயில் ஒரு பெரிய சந்திப்பு நிலையத்தில் நிற்கும். பாதிப் பெட்டி காலியாகி மறுபடி நிரம்பும். நாம் இருந்த இடத்திலேயே இருப்போம். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற ஏப்ரல் கடைசி வாரத்தில், அந்த நிலையத்தில் இறங்குவதற்காகவே அக்காவையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒதுக்கினேன். வழிகாட்டி யாரையும் அமர்த்தவில்லை. ஒரு தாளில் நானே எழுதிக்கொண்ட பத்துப் பன்னிரண்டு இடப்பெயர்களும், அக்காவின் முழங்கால் எவ்வளவு தூரம் தாங்கும் என்ற கணக்கும்தான் எங்கள் பயணத்திட்டம்.

ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டுப் ‘போலோக்னா’ என்று படிக்க வேண்டியதில்லை. இத்தாலியர்கள் g, n என்ற இரண்டு எழுத்துகளையும் சேர்த்து எழுதும் ஒலி நம்முடைய ஞகரமேதான். ஆங்கிலேயர் தடுமாறும் அந்த இடத்தை ஞாயிறும் ஞானமும் சொல்லிப் பழகிய நாக்கு எளிதாகக் கடந்துவிடும்: பொலோஞா.

நடை தொடங்க வேண்டிய இடம் ரயில் நிலையமே. வெளிச்சுவரில், சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் கடிகாரம் 10:25-ஐக் காட்டிக்கொண்டே நிற்கும்; அது பழுதாகி நிற்கவில்லை. 1980 ஆகஸ்ட் 2 காலை, விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்த இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் நவபாசிசவாதிகள் வைத்த குண்டு வெடித்த நேரம் அது. இறந்தவர்கள் 85 பேர், காயமடைந்தவர்கள் இருநூற்றுக்கும் மேல். அந்த அறை இன்றும் காத்திருப்பு அறையாகவே பயன்படுகிறது. வெடிப்பில் பிளந்த சுவரின் ஒரு பகுதியை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அருகே இறந்தவர்களின் பெயர்களையும் வயதையும் பொறித்த பலகை. பெயர்களைவிட வயதுகளைத்தான் கண் தேடிப் போகிறது. குழந்தைகளின் வயதும் அதில் இருக்கிறது. பலகைக்குக் கீழே ஒரு இளைஞர் காதில் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு தம் ரயிலுக்காகக் காத்திருந்தார்.

நிலையத்திலிருந்து நகரின் நடுச்சதுக்கம்வரை வியா இந்திபெந்தென்ஸா என்ற தெரு ஏறக்குறைய நேராகப் போகிறது. இங்கிருந்தே இந்த ஊரின் தனித்தன்மை தொடங்கிவிடுகிறது. தெருவின் ஓரத்தில் நடப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் வீடுகளின் கீழே நடந்துகொண்டிருப்போம். மாடி நம் தலைக்கு மேலே முன்னால் நீண்டு வந்து, தூண்களும் வளைவுகளும் அதைத் தாங்க, அதன் அடியில் பளிங்குத் துகள் பதித்த வழவழப்பான தரையில் நடைபாதை ஓடுகிறது. போர்டிகோ என்பது இதன் பெயர். நம் ஊர்களில் அதே சொல்லை வைத்துக்கொண்டு அதற்குள் காரை நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டோம். இங்கே அதற்குள் ஊரே நடக்கிறது.

இதன் கதையை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கோபுரங்களையும் தேவாலயங்களையும்விட இதற்காகத்தான் இந்த ஊருக்கு வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1088-இல் தொடங்கியதாக மரபாகச் சொல்லப்படும் பொலோஞா பல்கலைக்கழகம் ஐரோப்பா முழுவதிலிருந்தும் சட்டம் படிக்க மாணவர்களை இழுத்தது. மதிலுக்குள் இடமில்லை, வாடகைக்கு அறை கேட்பவர்களோ நாளுக்கு நாள் பெருகினார்கள். வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டினார்கள். நீட்டல் பெரிதானபோது அது சரியாமல் இருக்கக் கீழே மரக்கால் கொடுத்தார்கள். வேறெந்த ஊராக இருந்தாலும் இதை ஆக்கிரமிப்பு என்று சொல்லி நகராட்சி இடித்திருக்கும். மற்ற பல நகரங்கள் செய்ததும் அதுதான். பொலோஞா நேர்மாறாகச் செய்தது. 1288-ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாகக் கட்டும் வீடுகளுக்குப் போர்டிகோ இருந்தே ஆக வேண்டும், இல்லாத வீடுகளும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று விதித்தது. உயரம் குறைந்தது 7 பொலோஞா அடி, அதாவது சுமார் 2.66 மீட்டர், குதிரைமேல் அமர்ந்து வருபவருக்குத் தலை இடிக்கக் கூடாது என்பது கணக்கு. நிலம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பும் அவர் பொறுப்பு, ஆனால் நடக்கும் உரிமை ஊருக்கு. ஏழு நூற்றாண்டுகளாக இந்த ஏற்பாடு நடந்துவருகிறது. இன்று எல்லாப் போர்டிகோக்களையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

முழங்கால் வலிக்காரர்களுக்கும் இது நல்ல ஊர். தரை சமம், தலைக்கு மேல் நிழல், இருபது அடிக்கு ஒருமுறை சாய்ந்துகொள்ளத் தூண். அக்கா எல்லாத் தூண்களையும் பயன்படுத்திக்கொண்டாள்.

தெரு முடியும் இடத்தில் நெப்டியூன் நீரூற்று. ஜாம்பொலோஞா என்ற சிற்பி 1560-களில் வார்த்த வெண்கலக் கடற்கடவுள். அவர் கையிலுள்ள திரிசூலத்தைத்தான் இந்த ஊரில் பிறந்த மசராட்டி கார் நிறுவனம் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. நீரூற்றைவிட என்னை நிறுத்தியது அதற்கு எதிரே உள்ள சுவர். இரண்டாம் உலகப் போரில் பாசிசத்தையும் நாஜிப் படையையும் எதிர்த்துப் போராடி உயிரிழந்தவர்களின் புகைப்படங்கள், ஒவ்வொன்றும் கையகலம், வரிசை வரிசையாகச் சுவரை நிறைத்திருக்கின்றன. நகரம் விடுதலையானது 1945 ஏப்ரல் 21. நாங்கள் போனது அந்த வாரத்தை ஒட்டி என்பதால், வைத்திருந்த இலைமாலைகள் இன்னும் வாடாமல் இருந்தன.

அடுத்த அடியில் பியாஸ்ஸா மஜ்ஜோரே, பெருஞ்சதுக்கம். அதன் வடபுறம் பொதெஸ்தா மாளிகையின் கீழே நான்கு தெருக்கள் கூடும் ஒரு கவிமாடம் இருக்கிறது. அதன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று கிசுகிசுத்தால், குறுக்கே எதிர் மூலையில் சுவரோடு காதை வைத்து நிற்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும். இதைப் படித்துவிட்டு அக்காவை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு நான் எதிர் மூலைக்குப் போனேன். நடுவே பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு கடந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு அடியில், கல்லுக்குள்ளிருந்து வருவதுபோல், அக்காவின் குரல் கேட்டது: “ஏண்டி, காபி எப்போ?”

காபிக்குப் பிறகு சான் பெத்ரோனியோ பேராலயம். 1390-இல் கட்டத் தொடங்கிய இதன் முகப்பு இன்றுவரை முடியவில்லை. இடுப்புவரை இளஞ்சிவப்பும் வெள்ளையுமான பளிங்கு, அதற்குமேல் மொட்டைச் செங்கல். படங்களில் பார்த்தபோது குறையாகத் தெரிந்தது, நேரில் அப்படித் தோன்றவில்லை. நடுவாயிலைச் சுற்றி யாகொபோ தெல்லா குவெர்ச்சா 1425 முதல் தாம் இறந்த 1438 வரை செதுக்கிய புடைப்புச் சிற்பங்களில் ஒன்றை மட்டுமாவது நின்று பாருங்கள்: தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட பின் ஆதாம் மண்ணைக் கொத்துகிறார், ஏவாள் நூல் நூற்கிறாள், அவள் காலடியில் இரண்டு பிள்ளைகள். தண்டனையைச் சிற்பி ஒரு குடும்பத்தின் சாதாரண வேலைநாளாகச் செதுக்கியிருக்கிறார்.

உள்ளே நான் வந்தது ஒரு கோட்டுக்காக. இடப்பக்க நடைகூடத் தரையில் பித்தளைப் பட்டை ஒன்று தூண்களுக்கு இடையே சாய்வாக ஓடுகிறது. நீளம் சுமார் 67 மீட்டர், பூமியின் சுற்றளவில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. 1655-இல் ஜியோவன்னி தொமெனிக்கோ காசினி அமைத்த நண்பகல் கோடு இது. சனிக் கோளின் வளையங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு எவர் பெயரோ, அதே காசினி. கூரையில், 27 மீட்டர் உயரத்தில், 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை. அதன் வழியே வரும் சூரிய ஒளி ஒவ்வொரு நண்பகலும் இந்தக் கோட்டைக் கடக்கும். கோடையில் துளைக்கு அருகே, குளிர்காலத்தில் வெகு தொலைவில். அந்த ஒளிவட்டத்தின் அளவு ஆண்டு முழுவதும் எப்படி மாறுகிறது என்று அளந்துதான், கெப்ளர் சொன்ன கோளியக்கக் கணக்குக்குக் காசினி சான்று கண்டார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காகக் கலிலியோவைத் திருச்சபை தண்டித்து 22 ஆண்டுகளே ஆன காலம், அதுவும் ஒரு தேவாலயத்தின் தரையில்!

இங்கேதான் வழிகாட்டி இல்லாததன் வலி தெரிந்தது. நண்பகல் என்றால் 12 மணி என்று நம்பி 11:50-க்கே கோட்டருகில் போய் நின்றேன். ஒளி எதுவும் இல்லை. இத்தாலியின் கடிகாரம் 15 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, இந்த ஊர் இருப்பதோ 11 பாகையை ஒட்டி. அதனால் கால் மணி நேரம் தாமதம். அதற்குமேல் கோடைக்காலத்துக்காக முன்னே தள்ளி வைத்த ஒரு மணி நேரம். கைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தால், உண்மையான நண்பகல் 1:13-க்கு. அக்கா ஒரு பெஞ்சில் அமர்ந்து காலை நீட்டிக்கொண்டாள். “மேகம் வந்துடுச்சுன்னா என்ன பண்ணுவே?” என்று மட்டும் கேட்டாள்.

மேகம் வரவில்லை. ஒரு மணி சுமாருக்குத் தரையில் மங்கிய வெள்ளையாய், ஏறக்குறைய ஒரு தாம்பாளத்தின் அளவில், சற்றே நீள்வட்டமாக ஒளி தெரிந்தது. அசையாமல் இருப்பதுபோலத்தான் இருந்தது; அதன் விளிம்பில் ஒரு நாணயத்தை வைத்தபோது, அடுத்த சில நொடிகளில் நாணயம் ஒளிக்குள் மூழ்கிவிட்டது. நிமிடத்துக்கு அரைச்சாண் வேகத்தில் அது கிழக்கே நகர்ந்தது. அது கோட்டைத் தொட்டதும் சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் பேச்சை நிறுத்தினோம். இரண்டு நிமிடத்துக்குமேல் கடப்பதைப் பார்த்தோம். பூமி சுழல்வதைக் கண்ணால் பார்ப்பது என்றால் இதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், அக்காவோ எழுந்துகொண்டு, “சரி, சாப்பிடப் போகலாம்” என்றாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரின் பெருமையான தோர்த்தெல்லினிக்குள் இருப்பது இறைச்சி. சைவம் சாப்பிடுபவர்கள் அதன் பெரிய உருவமான தோர்த்தெல்லோனி கேட்கலாம். உள்ளே ரிக்கோத்தா பாலாடைக்கட்டியும் கீரை வகையும் இருக்கும். தட்டையான ரொட்டி வகைகளின் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

பேராலயத்தின் பக்கவாட்டில் போர்டிகோ வழியாகவே போனால் ஆர்க்கிஜின்னாசியோ. சிதறிக் கிடந்த பல்கலைக்கழக வகுப்புகளை ஒரே கூரையின்கீழ் சேர்க்க 1562–63-இல் கட்டியது. சான் பெத்ரோனியோ ரோமின் புனித பேதுரு ஆலயத்தைவிடப் பெரிதாகிவிடாமல் இருக்க, அது விரிய வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே போப் இதைக் கட்டவைத்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கட்டடங்கள் நெருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. சுவர், கூரை, மாடிப்படி எங்கும் மாணவர் தலைவர்களின் குலச்சின்னங்கள், சுமார் 6,000. மாடியில் உடற்கூற்று அரங்கு. 17-ஆம் நூற்றாண்டில் மரத்தாலேயே இழைத்த அறை. நடுவில் பிணத்தைக் கிடத்தி அறுக்க வெள்ளைப் பளிங்கு மேசை, சுற்றிலும் படிப்படியாக மாணவர் இருக்கைகள். ஆசிரியர் பீடத்துக்கு மேலுள்ள விதானத்தைத் தோல் உரித்த இரண்டு மனித உருவங்கள் தாங்குகின்றன. எர்க்கோலே லெல்லி 1734-இல் மரத்தில் செதுக்கியவை, ஒவ்வொரு தசைநாரும் எண்ணக்கூடியதாக. சுவரிலுள்ள மருத்துவர் சிலைகளில் ஒருவர் கையில் ஒரு மூக்கை வைத்திருக்கிறார். கஸ்பாரே தல்யாகோஸ்ஸி, 16-ஆம் நூற்றாண்டில் புயத்துத் தோலைக்கொண்டு அறுபட்ட மூக்கைச் சீரமைத்தவர்.

இந்த அரங்கு 1944 ஜனவரி 29 அன்று விழுந்த குண்டில் தகர்ந்தது. இடிபாடுகளிலிருந்து பொறுக்கியெடுத்த மரத்துண்டுகளை வைத்துத் திரும்பக் கட்டினார்கள். பின்புறச் சதுக்கத்தில் நிற்கும் லூயிஜி கல்வானியின் சிலை கையிலுள்ள பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தால் அதன்மேல் தவளைக் கால்கள். மின்சாரம் பட்டுத் துடித்த அந்தக் கால்கள்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை.

அடுத்ததாக, கடைத்தெருச் சந்தடிக்குள் ஒளிந்திருக்கும் சாந்தா மரியா தெல்லா வீத்தா. என் தாளில் இதற்கு நான் அடிக்கோடு இடவில்லை. இன்று எழுதினால் முதல் பெயராக எழுதுவேன். பீடத்துக்கு அருகே ஓர் ஒதுக்குப்புறத்தில், 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிக்கொலோ தெல்லார்கா சுட்ட மண்ணில் செய்த ஒப்பாரி இருக்கிறது. ஒப்பாரி என்பது என் மொழிபெயர்ப்பு; அவர்கள் சொல்லும் ‘கொம்ப்யாந்தோ’வுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசு தரையில் கிடக்கிறார், சுற்றி ஆறு பேர், எல்லாரும் ஆளுயரம். இடையில் சுத்தியலைச் செருகிக்கொண்டு ஒருவர் மண்டியிட்டு நம்மைப் பார்க்கிறார். ஒருத்தி தன் தொடைகளை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு ஆத்திரத்தை அடக்குகிறாள். ஒருத்தி பார்க்க முடியாமல் உள்ளங்கையை முன்னால் நீட்டித் தடுக்கிறாள். வலப்புறக் கடைசியில் மகதலேனா மரியா ஓடி வருகிறாள். முக்காடு காற்றில் பின்னால் பறக்கிறது, வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, உள்ளே பற்களும் நாக்கும் தெரிகின்றன. அழகாக அழும் சிற்பங்களை அந்த ஒரு வாரத்தில் எத்தனையோ பார்த்திருந்தோம். இழவு வீட்டில் பெண்கள் உண்மையில் எப்படி அழுவார்கள் என்று பார்த்திருந்த ஒரு சிற்பியை இங்கேதான் பார்த்தோம். அக்கா இருபது நிமிடம் நின்றாள், தூண் எதையும் தேடவில்லை.

இரண்டு கோபுரங்களுக்கு வந்தபோது மாலையாகிவிட்டது. நடுக்காலத்தில் பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டிய எத்தனையோ கோபுரங்களில் இன்று இருபது சொச்சம்தான் மிச்சம். அவற்றில் இந்த இரண்டும் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவை. அசினெல்லி 97 மீட்டர், 498 படிகள். பட்டம் வாங்குவதற்குமுன் ஏறினால் படிப்பு முடியாது என்று மாணவர்கள் இன்றும் அஞ்சுகிறார்கள். எங்களுக்கு அந்தச் சிக்கல் எழவில்லை, ஏனென்றால் அது மூடியிருந்தது. பக்கத்திலுள்ள காரிசெண்டா சுமார் 48 மீட்டர், 4 பாகை சாய்வு. 14-ஆம் நூற்றாண்டிலேயே பயந்துபோய் மேற்பகுதியை வெட்டிக் குறைத்திருக்கிறார்கள். அதன்மேல் மேகம் கடக்கும்போது கோபுரமே நம்மீது கவிழ்வதாகத் தோன்றும் என்று கவிஞர் தாந்தே தம் காவியத்தின் நரகக் காண்டத்தில் எழுதியது இதைப் பற்றித்தான். 2023 அக்டோபரில் அளவீடுகள் கவலை தரவே, சுற்றிலும் தடுப்புச்சுவர் எழுப்பிவிட்டார்கள். பைசா கோபுரத்தை நிமிர்த்திய கருவிகளை இங்கும் பயன்படுத்தத் திட்டம்.

அசினெல்லியின் உச்சியிலிருந்து 1640-களில் ரிச்சோலி என்ற இயேசு சபைத் துறவி பந்துகளைப் போட்டுப் போட்டு, ஊசலின் ஆட்டத்தை எண்ணி, விழும் வேகத்தை அளந்தார். நிலவில் மனிதர் முதலில் இறங்கிய ‘அமைதிக் கடல்’ அவர் 1651-இல் வெளியிட்ட நிலாப் படத்தில் இட்ட பெயர். அதே சபையில் பின்னாளில் சேர்ந்து, பயிற்சிக் காலத்தில் ரவென்னாவிலும் இந்தப் பொலோஞாவிலும் படித்துவிட்டு, 1710-இல் கோவாவில் கரையிறங்கியவர் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும்: கொன்ஸ்தான்சோ பெஸ்கி, நம் வீரமாமுனிவர். தேம்பாவணியும் சதுரகராதியும் எழுதப்போகிற கை, இந்தத் தெருக்களில் எந்தத் தூணையாவது தொட்டிருக்கும்.

கோபுரங்களுக்கு அப்பால் ஸ்த்ராதா மஜ்ஜோரேயில், 13-ஆம் நூற்றாண்டின் மரப் போர்டிகோ ஒன்று இசொலானி வீட்டின்முன் இன்னும் நிற்கிறது. தூண்கள் முழு ஓக் மரங்கள், ஒன்பது மீட்டர் உயரம். எல்லாம் கல்லாவதற்குமுன் ஊர் எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சாட்சி. அந்த வீட்டின் ஊடாகவே ஒரு சந்து போய் சாந்தோ ஸ்தேஃபனோ சதுக்கத்தில் திறக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிய பழைய ஆலயங்கள் அங்கே இருக்கின்றன, ‘ஏழு ஆலயங்கள்’ என்பது வழக்குப் பெயர். செங்கல் முற்றமும் நடுவில் லொம்பார்து மன்னர் பெயர் பொறித்த கல்தொட்டியும் நினைவில் நிற்கின்றன. மற்றவற்றைப் பார்க்கும் பொறுமை அன்று எங்கள் கால்களில் இல்லை.

மறுநாள் காலை மழை. சான் லூக்கா குன்றுக்கு ஏற வேண்டிய நாள். சரகோஸ்ஸா வாயிலிலிருந்து குன்றின் உச்சியிலுள்ள மாதா கோயில்வரை 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள், ஒரே போர்டிகோ. 1674-இல் தொடங்கி நகர மக்களும் கைவினைஞர் சங்கங்களும் குடும்பங்களும் ஆளுக்குச் சில வளைவுகளாகப் பணம் கொடுத்துக் கட்டியது. கொடுத்தவர்கள் பெயர் பொறித்த கற்கள் வழியெல்லாம் சுவரில் இருக்கின்றன. ஆண்டுதோறும் மே மாதம் மாதாவின் திருப்படத்தை ஊருக்குள் எடுத்து வரும்போது அது நனையக் கூடாது என்பதே நோக்கம். பெஸ்கி இங்கே படித்த ஆண்டுகளில் இது கோயிலை எட்டியிருக்கவில்லை. வளைவுகள் குன்றில் ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

முழங்காலை நினைத்து அக்கா சதுக்கத்திலிருந்து கிளம்பும் சுற்றுலாச் சிறுவண்டியில் ஏறிக்கொண்டாள். இருந்த ஒரே குடையையும் அவளிடம் கொடுத்தேன். மெலொஞ்செல்லோ வளைவுவரை சமதளம். அங்கே போர்டிகோ ஒரு பாலமாகத் தெருவைத் தாண்டி, பிறகு ஏறத் தொடங்குகிறது. படியும் சரிவும் மாறி மாறி வந்தன. இடப்பக்கம் திறந்த வளைவுகளுக்கு வெளியே மழை நேராக இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே கிழவர் ஒருவர் நாயோடு இறங்கி வந்து, என் மூச்சிரைப்பைப் பார்த்துச் சிரித்து, கையால் ‘இன்னும் மேலே, இன்னும் மேலே’ என்று காட்டிவிட்டுப் போனார். ஒன்றேகால் மணி நேரத்தில் கோயில் வாசலில் ஏறி நின்றபோது என் தோளில்கூட ஒரு சொட்டு இல்லை. வண்டி நின்ற இடத்திலிருந்து வாசலுக்கு வருவதற்குள் காற்று குடையைத் திருப்பிவிட்டதாம். அக்கா புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.